ஒரு தூக்கத்தில் போய், ஒரு தூக்கத்தில் திரும்புங்கள்: கைக்குழந்தையோடு தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வெளியே போவது பற்றி

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கமாக இங்கே எழுதிவிட்டுத் தொடங்குகிறேன். தர்மபுரி டவுனில் குடியிருக்கிறீர்கள். மகளுக்கு நாலரை மாதம். மனைவி தாய்வீட்டிலிருந்து வந்து ஒரு மாதம் ஆகிறது, வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து சோர்ந்துபோயிருக்கிறார். ஆடிப்பதினெட்டுக்கு ஒகேனக்கல் போய்வரலாம் என்று நீங்கள் சொல்ல, உங்கள் அம்மா கூடவே கூடாது என்கிறார். வீட்டில் பைக் இருக்கிறது, தேவைப்பட்டால் வாடகைக் கார் எடுப்பீர்கள். குழந்தையும் அழாமல், நீங்களும் அலையாமல் ஒரு நாள் வெளியே போய்வர என்ன வழி? இதுதான் நீங்கள் கேட்டது.

நான் பென்னாகரம், பாலக்கோடு பக்கத்தில் இருபத்தாறு வருடம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள். இரண்டு பிள்ளைகளை வளர்த்திருக்கிறேன், இப்போது பேத்தியைத் தூக்கிக்கொண்டு சுற்றுகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

தாராளமாகக் கூட்டிப்போங்கள். ஆனால் ஆடிப்பதினெட்டு அன்று வேண்டாம், இந்த ஆடியில் ஒகேனக்கலே வேண்டாம். உங்கள் அம்மா சொல்வதில் பாதி மிகவும் சரி. அந்தப் பாதி எது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

"பச்சை உடம்பு, மூணு மாசம் வாசல் தாண்டக் கூடாது" என்று நம் பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி., போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை ஊசி இவற்றைத் தாண்டி முதல் ஆறு வாரம் குழந்தைக்கு வேறு தடுப்பூசி கிடையாது. ஆறு, பத்து, பதினாலாவது வாரங்களில்தான் கக்குவான் இருமல், தொண்டை அடைப்பான், ரண ஜன்னி போன்றவற்றுக்கான ஊசி மூன்று சுற்றாகப் போகிறது. உங்கள் மகளுக்கு அந்த மூன்று சுற்றும் முடிந்திருக்க வேண்டும். தடுப்பூசி அட்டையை எடுத்து ஒருமுறை பாருங்கள், ஏதாவது விட்டுப்போயிருந்தால் முதலில் அதைப் போட்டுவிட்டு அப்புறம் வெளியே கிளம்புங்கள். அரசு அட்டவணைப்படி தட்டம்மை ஊசி ஒன்பதாம் மாதத்தில்தான் வரும். அதுவரை திருவிழாக் கூட்டம், கல்யாண மண்டபம், ஜனம் நெருக்கியடிக்கும் கடை, இவற்றைத் தள்ளி வைப்பதுதான் நல்லது. மரத்தடியில் காற்று வாங்குவது வேறு, கூட்டத்துக்குள் நுழைவது வேறு. அம்மா பயப்படுவது இரண்டாவதற்கு என்றால் அவர் பக்கம்தான் நியாயம்.

திருஷ்டியைப் பற்றியும் அவர் கவலைப்படுவார். கன்னத்திலோ உள்ளங்காலிலோ ஒரு பொட்டு வைத்துவிடுங்கள், அவர் மனம் நிறையும். கண்ணுக்குள் மட்டும் மை தீட்ட விடாதீர்கள். மையில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு, அது குழந்தைக்குக் கெடுதல்.

ஆடிப்பதினெட்டை ஏன் இவ்வளவு உறுதியாக வேண்டாம் என்கிறேன் என்றால், நானே அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். மூத்தவனுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது குடும்பமாக ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போனோம். பென்னாகரத்தில் பஸ் ஏறும்போதே நிற்க இடமில்லை. அங்கிருந்து காட்டுக்குள் இறங்கும் வளைவுகளில் பிள்ளை பால் கக்கினான். போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். எங்கே பார்த்தாலும் தலை, எண்ணெய் தேய்ப்பவர்கள், மீன் வறுக்கும் புகை, ஒலிபெருக்கி. பால் கொடுக்க ஒரு மறைவான இடம் தேடி அரை மணி நேரம் நடந்தோம். உட்கார்ந்து கொடுத்தபோது அவன் குடிக்கவில்லை, தலையைத் திருப்பிக்கொண்டு கத்தினான். காலையிலிருந்து துணி நனையவே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. பிடரியில் கை வைத்தால் சுட்டது. மீன்கடைக்காரப் பாட்டி ஒருவர் கடைக்குப் பின்னால் நிழலில் பாய் விரித்து, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, விசிறியால் அரை மணி நேரம் விசிறினார். அதற்கப்புறம்தான் அவன் வாய் வைத்துக் குடித்தான். ஆற்றை நான் கண்ணால்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. தூங்கின பிள்ளையை அணைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டோம்.

கூட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஆடி மாதம் கர்நாடகத்தில் மழை பெய்து, கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளிலிருந்து தண்ணீர் திறக்கும் காலம். ஒகேனக்கலில் நீர்வரத்து ஒரே நாளில் பல மடங்கு கூடும். அப்போது குளிக்கவும் பரிசல் ஓட்டவும் மாவட்ட நிர்வாகம் தடை போட்டுவிடும். அவ்வளவு தூரம் போய்த் தடுப்புக்கு இந்தப் பக்கம் நிற்கத்தான் வேண்டியிருக்கும்.

சரி, இப்போது திட்டத்துக்கு வருவோம். ஊர் ஊராகப் போய் இளம் தாய்மார்களிடம் நான் சொல்லிவந்தது ஒன்றுதான்: ஒரு தூக்கத்தில் போய், ஒரு தூக்கத்தில் திரும்புங்கள். இடைப்பட்ட நேரம்தான் உங்கள் சுற்றுலா.

நாலரை மாதக் குழந்தை ஒருமுறை விழித்தால் ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம் முழித்திருக்கும். அதற்கு மேல் இழுத்தால் கண்ணைத் தேய்க்கும், காதைப் பிடித்து இழுக்கும், அப்புறம் எதைக் கொடுத்தாலும் அழுகைதான். தூக்கம் முக்கால் மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ, அது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். இரண்டு மூன்று நாள் உங்கள் மகளின் தூக்கத்தைக் கவனித்துக் குறித்து வையுங்கள். பகலின் முதல் தூக்கம் எத்தனை நிமிடமோ, அத்தனை நிமிடத்தில் எந்த ஊருக்குப் போகமுடியுமோ, அதுதான் உங்கள் எல்லை. கூகுள் மேப்பைவிட அந்தக் கணக்கு நம்பகமானது.

இதற்கு நம் வீட்டுக் குளியல் பெரிய துணை. வெந்நீர் ஊற்றி, கைகால் நீவிக் குளிப்பாட்டி, வயிறு நிறையப் பால் கொடுத்தால் குழந்தை அடித்துப்போட்ட மாதிரி தூங்கும் அல்லவா? அந்தத் தூக்கத்தை வீட்டில் வீணாக்காதீர்கள். ஏழு மணிக்குக் குளியல், ஏழரைக்குப் பால், தோளில் போட்டு ஏப்பம் எடுத்து ஏழே முக்காலுக்கு வண்டி கிளம்பினால், குழந்தை கண் விழிக்கும்போது நீங்கள் மரத்தடியில் இருப்பீர்கள். (சாம்பிராணிப் புகை மட்டும் வேண்டாம். அந்தச் சின்ன நுரையீரலுக்கு அது தாங்காது. துண்டால் தலையைத் துவட்டினாலே போதும்.)

அந்தக் கணக்கில் உங்களுக்கு நான் முதலில் சொல்லும் இடம் கே.ஆர்.பி. அணை, அதாவது கிருஷ்ணகிரி அணை. தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே 1950களில் கட்டிய அணை, முழு நீர்மட்டம் 52 அடி. தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி போகும் வழியில் சுமார் நாற்பது கிலோமீட்டர். 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் குலுக்கல் இல்லாமல் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பூங்கா இருக்கிறது, மரநிழல் இருக்கிறது, பார்க்கத் தண்ணீர் இருக்கிறது. திறக்கும் நேரத்தை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்பது மணிவாக்கில் போனால் கூட்டம் இருக்காது. நீங்கள் நினைக்கிற மாதிரி குழந்தைக்கு அணையும் தெரியாது, படகும் தெரியாது. வேப்பிலை ஆடுவதையும் வெயில் இலைக்குள் புகுந்து விளையாடுவதையும் கண் கொட்டாமல் அரை மணி நேரம் பார்ப்பாள். அந்த வயதில் அதைவிடப் பெரிய காட்சி கிடையாது. பத்தே காலுக்கு மறுபடியும் பால். பத்தரைக்குத் தூக்கக் கலக்கத்தில் வண்டி ஏறினால் பதினொன்றரைக்கு வீடு. உச்சிவெயிலுக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அணைக்கும் ஆடிப்பதினெட்டு அன்று போகாதீர்கள், அன்றும் ஜனம் திரளும். அதற்கு முந்தின ஞாயிறோ பிந்தின ஞாயிறோ பரவாயில்லை. உபரிநீர் திறந்துவிட்டிருந்தால் ஆற்றோரம் இறங்காதீர்கள், பூங்காவோடு நின்றுகொள்ளுங்கள். ஆடிக்காற்று புழுதியை வாரி அடிக்கும், காதை மூடும் மாதிரி மெல்லிய பருத்திக் குல்லாய் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். காருக்குள் ஏறியதும் குல்லாயைக் கழற்றிவிட வேண்டும். குழந்தையின் சூடு தலை வழியாகத்தான் நிறைய வெளியேறும், மூடியே வைத்தால் உடம்பு கொதித்துவிடும்.

கிருஷ்ணகிரிக்குச் சற்று முன்னால் அவதானப்பட்டியில் ஏரியும் சிறுவர் பூங்காவும் இருக்கின்றன. கிருஷ்ணகிரியில் சொந்தக்காரர்கள் இருந்தால் அது வசதி. என் பேத்தியை நாங்கள் அடிக்கடி கூட்டிப்போகும் இடம் அதுதான்.

அவ்வளவு தூரம்கூட இப்போதைக்கு வேண்டாம் என்று உங்கள் மனைவி நினைத்தால் ஊருக்குள்ளேயே ஆரம்பிக்கலாம். தர்மபுரி கோட்டைக் கோயிலுக்குக் காலையில் போய்ப் பாருங்கள். மல்லிகார்ஜுனர், காமாட்சி சன்னதியின் கல் மண்டபம் வெயில் ஏறினாலும் குளுமையாக இருக்கும், தூணில் சாய்ந்து குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நிம்மதியாக உட்காரலாம். அதியமான்கோட்டை பத்து கிலோமீட்டருக்குள்தான். அங்கே காலபைரவர் கோயிலில் தேய்பிறை அஷ்டமி அன்று பூசணிக்காய் விளக்கு ஏற்ற வெளியூர்க் கூட்டமெல்லாம் வரும். அந்த நாளைத் தவிர்த்துவிட்டு சாதாரணக் காலைப்பொழுதில் போங்கள். அரசு அருங்காட்சியகமும் யாரும் நினைத்துப் பார்க்காத நல்ல இடம். நம் மாவட்டத்து நடுகற்களைப் பெரியவர்கள் நீங்கள் பார்க்கலாம், குழந்தைக்கு நிழலும் அமைதியும். வெள்ளிக்கிழமை விடுமுறை.

ஓசூர் வரை போகலாமா என்று கேட்பீர்கள். நம்மைவிட மேட்டுப் பூமி, வெயில் குறைவு, சந்திரசூடேஸ்வரர் மலைமேல் கோயில் வரைக்கும் வண்டியே போகும். ஆனால் தூரம். குழந்தைக்கு ஏழு எட்டு மாதம் ஆனதும் ரயிலில் போங்கள். சேலம் பெங்களூர் ரயில் பாதை தர்மபுரி, பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாகத்தான் ஓசூருக்குப் போகிறது. இரண்டு மணி நேரம் போல ஆகும். ரயிலில் எழுந்து நடக்கலாம், மடியில் நீட்டிப் படுக்க வைக்கலாம், பால் கொடுக்க வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டாம். ஐந்து வயது வரை தனி இடம் கேட்காத குழந்தைக்கு டிக்கெட்டும் இல்லை. வத்தல்மலை குளுமையான இடம்தான், ஆனால் இருபதுக்கும் மேல் கொண்டை ஊசி வளைவுகள். தீர்த்தமலை என்றால் படியேற வேண்டும், குரங்குத் தொல்லையும் உண்டு. இரண்டும் குழந்தை நடக்க ஆரம்பித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது வண்டி. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகத்தான் எழுதுவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பைக் வேண்டாம். முன்னால் கணவர், பின்னால் மனைவி, நடுவில் துணியில் சுற்றிய கைக்குழந்தை என்று லாரிகள் போகும் நெடுஞ்சாலையில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையை இருசக்கர வாகனத்தில் ஏற்றினால் ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டை வேண்டும், ஒன்பது மாதத்துக்கு மேல் என்றால் ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2023 பிப்ரவரியிலிருந்து மத்திய அரசின் விதியே இருக்கிறது. நாலரை மாதக் குழந்தையின் கழுத்து ஹெல்மெட் பாரத்தைத் தாங்காது. எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோக மனசு வருமா? தெருமுனைக்குக்கூடப் பைக்கை நான் பரிந்துரைக்க மாட்டேன், நடந்துவிடுங்கள்.

வாடகைக் கார் என்றால் குழந்தைக்கான கார் சீட் ஒன்றைச் சொந்தமாக வாங்கிவிடுங்கள், அல்லது குழந்தை வளர்ந்துவிட்ட நண்பர் வீட்டிலிருந்து, விபத்தில் சிக்காத சீட்டாகப் பார்த்து இரவல் வாங்குங்கள். பின்சீட்டில், குழந்தை வண்டியின் பின்பக்கம் பார்த்திருக்கும்படி பொருத்த வேண்டும். ஏர்பேக் உள்ள முன்சீட்டில் வைக்கவே கூடாது, அது விரிந்தால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. அம்மா மடியில் வைத்துக்கொண்டு ஒரே பெல்ட்டை இருவருக்கும் சேர்த்துப் போடுவது இன்னும் மோசம். சடக்கென்று பிரேக் அடித்தால் அம்மாவின் எடை முழுவதும் பிள்ளைமேல்தான் விழும். வழியில் அழுதால் ஓடும் வண்டியில் சீட்டிலிருந்து எடுக்காதீர்கள். ஒரு ஹோட்டலிலோ பெட்ரோல் பங்கிலோ உள்ளே திருப்பி நிறுத்தி, பால் கொடுத்து, பத்து நிமிடம் தோளில் போட்டு நடந்துவிட்டுக் கிளம்புங்கள். சாலையோரமாகவே நிறுத்துவது ஆபத்து. தூங்குகிறாளே, ஐந்து நிமிடத்தில் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் என்று பூட்டின காரில் விட்டுப்போவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. வெயிலில் நிற்கும் கார் சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும்.

செலவில்லாத ஒத்திகை ஒன்று சொல்கிறேன். பெரிய பயணத்துக்கு முந்தின வாரம் கூட்டமில்லாத காலை நேரத்தில் டவுன் பஸ்ஸில் நாலு ஸ்டாப் போய்விட்டுத் திரும்புங்கள். சாதாரணப் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை, ஐந்து வயது வரை குழந்தைக்கும் இல்லை. பை எவ்வளவு கனக்கிறது, எதை மறந்தோம், எத்தனை மணிக்கு அழ ஆரம்பிக்கிறாள் என்று அந்த ஒரு மணி நேரத்தில் எல்லாம் தெரிந்துவிடும். பஸ் நிலையங்களில் பாலூட்டும் தாய்மார்களுக்கென்று 2015 முதல் அறைகள் திறந்திருக்கிறார்கள். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், வெளியூர் போகும் நாளில் தயக்கம் இருக்காது.

பையைப் பற்றி நிறையப் பேர் நீளமாக எழுதுவார்கள். என்னைக் கேட்டால் முதல் பொருள் ஒரு பழைய பருத்திப் புடவை. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன புடவை. தரையில் விரிக்கலாம், பால் கொடுக்கும்போது மூடிக்கொள்ளலாம், கார் ஜன்னலில் வெயிலுக்குத் தொங்கவிடலாம். உறுதியான கிளை கிடைத்தால் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் தூளி கட்டலாம். தூளியில் போட்டால் பக்கத்திலேயே ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். தாடை நெஞ்சில் அழுந்தாமல் மூக்கும் வாயும் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மார்போடு கட்டித் தூக்கும் பேபி கேரியருக்கும் இதே விதிதான், குனிந்தால் உச்சியில் முத்தம் கொடுக்க எட்டும் உயரத்தில் குழந்தை இருக்க வேண்டும். எந்த நிலையிலும் முகத்தைத் துணியால் மூடாதீர்கள், வெயிலுக்கு என்றாலும் சரி, கொசுவுக்கு என்றாலும் சரி. கொசுவுக்குக் குடைவலைதான் நல்லது. ஆறு மாதத்துக்குள் சன்ஸ்கிரீனும் வேண்டாம், நிழலும் முழுக்கைச் சட்டையும் போதும்.

புடவைக்கு அப்புறம், மாற்றுத்துணி இரண்டு செட், போகும் வரும் நேரத்துக்கு மூன்று நான்கு டயப்பர், ஈரத்துணி போட ஒரு கவர், பஞ்சும் தண்ணீரும், ஒரு தெர்மாமீட்டர். அவ்வளவுதான். ஒன்று மறக்கிறார்கள்: அம்மாவுக்கும் ஒரு மாற்று மேலாடை. குழந்தை பால் கக்கினால் அந்த வாடையோடு நாள் முழுக்க அவர் இருக்க வேண்டுமா?

சாப்பாடு குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும்தான். ஆறு மாதம் முடியும் வரை தண்ணீர்கூட வேண்டாம், வெயில் காலத்திலும் தாய்ப்பாலில் உள்ள நீரே போதும். வெயில் நாளில் அடிக்கடி கொடுங்கள், அவ்வளவே. தாய்ப்பால் போதாமல் பவுடர் பால் கொடுக்கிறீர்கள் என்றால் வீட்டிலேயே கலந்து கொண்டுபோகாதீர்கள். ஃபிளாஸ்க்கில் நல்ல கொதிநீரும், அளந்து வைத்த பவுடரும் தனித்தனியாக எடுத்துப்போய், அங்கே கலந்து ஆறவைத்து உடனே கொடுங்கள். குடித்து மிச்சம் வைத்ததை ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. போகிற இடத்தில் யாராவது "நாக்குல தேன் தடவு" என்பார்கள். ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி குழந்தையின் குடலில் பெருகி நஞ்சை உண்டாக்கும். ஆறு மாதத்துக்கு மேல் ஆன பிள்ளைகளுக்கு நம் ஊர்க் கேழ்வரகுக் கூழைவிட வெளியூர்ப் பயணத்துக்கு நல்லது வாழைப்பழம். தோலுக்குள் சுத்தமாக இருக்கும், அங்கேயே பிசைந்து கொடுக்கலாம்.

பெரியவர்களுக்குக் கட்டுச்சோறு கட்டுங்கள். புளிச்சோறும் தயிர்ச்சோறும் போதும். இதை உங்கள் மனைவி விடியற்காலை எழுந்து செய்வதாக இருந்தால் பயணமே வேண்டாம். நீங்கள் செய்யுங்கள், அல்லது வழியில் இட்லி வாங்கிக்கொள்ளுங்கள். பால் கொடுக்கிற தாய்க்குப் பசியும் தாகமும் மற்றவர்களைவிட அதிகம். போய்ச் சேர்ந்ததும் முதலில் அவர் உட்கார்ந்து சாப்பிடட்டும், குழந்தை உங்கள் தோளில் இருக்கட்டும். இளநீர் கண்ணில் பட்டால் அவருக்கு வாங்கிக் கொடுங்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். மனைவி சோர்ந்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் "எங்கே போகலாம்" என்று கேட்டீர்களா? ஒகேனக்கல் உங்கள் ஆசை என்று எனக்குத் தோன்றுகிறது. அவருக்கு ஒருவேளை, யாரும் கூப்பிடாத ஓர் இடத்தில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து சூடாக ஒரு டீ குடிக்க வேண்டும் என்பதே போதுமாக இருக்கலாம். அறுவைப் பிரசவம் என்றால் இன்னும் குனிந்து நிமிரும்போது வலி இருக்கலாம், கனமான பையும் குழந்தையும் அவர் தலையில் விழக் கூடாது. போகும் நாளில் பை, டயப்பர் மாற்றுவது, ஏப்பம் எடுப்பது, அழுதால் தூக்கி நடப்பது எல்லாம் உங்கள் வேலை என்று முன்னாலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பால் கொடுப்பது மட்டும்தான் அவருடையது. வெளியே போய்வந்தும் அவர் முகம் தெளியவில்லை, காரணமில்லாமல் அழுகிறார், குழந்தை தூங்கினாலும் தூங்க முடியவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அதைச் சலிப்பு என்று விட்டுவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வுக்குச் சிகிச்சை இருக்கிறது. 104க்குப் போன் செய்து கேட்கலாம், தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மருத்துவர்கள் இருக்கிறார்கள். நான் வேலையில் இருந்தபோது, "புள்ள பெத்தவ அப்படித்தான் இருப்பா" என்று வீட்டார் விட்டுவிட்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

பயணத்தை ரத்து செய்ய வேண்டிய நாளும் உண்டு. காலையில் உடம்பு 100.4 டிகிரிக்கு மேல் இருந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, வழக்கத்தைவிடத் துவண்டு கிடந்தாலோ காரைத் திருப்பி அனுப்பிவிட்டு டாக்டரைப் பாருங்கள். (மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு அந்த அளவு காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.) போன இடத்தில் கைகால் சில்லென்று இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், குழந்தைக்கு அது எப்போதுமே சில்லென்றுதான் இருக்கும். பிடரியையும் நெஞ்சையும் தொட்டுப் பாருங்கள். சுட்டால் ஓர் உடுப்பைக் கழற்றி, நிழலுக்குப் போய்ப் பால் கொடுங்கள். நாலு மணி நேரமாக டயப்பர் நனையவில்லை என்றால் திரும்பிவிடுங்கள். மயக்கம் மாதிரி இருந்தால் 108.

வழியில் பார்ப்பவர்களெல்லாம் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுக்க வருவார்கள், அன்பில்தான். "டாக்டர் முத்தம் வேணாம்னு சொல்லியிருக்காரும்மா, காலைத் தொட்டுக் கொஞ்சுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

ஒகேனக்கலை ஒரேயடியாக மறக்கச் சொல்லவில்லை. பொங்கல் கழிந்ததும் போங்கள். மகளுக்கு அப்போது பத்து மாதம் ஆகியிருக்கும், நன்றாக உட்காருவாள், தட்டம்மை ஊசியும் போட்டிருக்கும். தண்ணீர் தணிந்திருக்கும், வெயிலும் இதமாக இருக்கும். பொங்கல் விடுமுறை நாட்கள் வேண்டாம், அடுத்த வாரத்தில் ஒரு வேலை நாள். தர்மபுரியிலிருந்து நாற்பத்தாறு கிலோமீட்டர். பென்னாகரம் தாண்டிக் காட்டுவழி இறங்கும்போது மெதுவாகப் போகச் சொல்லுங்கள், வயிறு முட்டப் பால் கொடுத்த உடனே அந்த வளைவுகளில் இறங்காதீர்கள். குரங்குகள் பையைப் பறிக்கும், தின்பண்டம் எதுவும் வெளியே தெரியக் கூடாது. வறுத்த மீனை முள் பயத்தால் குழந்தையிடம் நீட்டாதீர்கள். பரிசலில் குழந்தையை ஏற்ற வேண்டாம். பெரியவர்களின் மிதவை உடுப்பு அவளுக்குப் பொருந்தாது.

அதனால்தான் அன்றைக்கு உங்கள் அம்மாவையும் கூட்டிப்போங்கள் என்கிறேன். நிழலில் புடவையை விரித்து அவர் மடியில் பேத்தி உட்கார்ந்திருப்பாள், நீங்கள் இருவரும் பரிசலில் ஒரு சுற்று போய்விட்டு வரலாம். இப்போது வேண்டாம் என்ற அவர் பேச்சைக் கேட்டிருந்தால், தை மாதத்தில் அவரே முதல் ஆளாகப் பையைக் கட்டுவார்.